பிச்சாவரம், கிள்ளை, சாமியார்பேட்டை: படகு, நண்டு, கடற்கரை நடைன்னு ஒரு நாள் – அடிக்கடி கேக்கற கேள்விகள்

எனக்கு ஊர் சிதம்பரம், பொழப்பு சென்னை. வருஷா வருஷம் பொங்கல் கூட்டம் அடங்கினதும் ஜனவரி கடைசியில ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர கூட்டிக்கிட்டு ஊருக்குப் போவேன், காலைல பிச்சாவரத்துல துடுப்புப் படகு, மதியம் கிள்ளை பக்கம் ஒரு குப்பத்துல நண்டு புடிக்கறது, சாயங்காலம் சாமியார்பேட்டை மணல்ல நடை, அவ்ளோதான் ப்ரோக்ராம். ஃபோட்டோ ஸ்டேட்டஸ்ல போட்ட நிமிஷத்துலேர்ந்து எப்படி போறது, நண்டு கடிக்குமா, குழந்தைய கூட்டிட்டுப் போலாமான்னு ஒரே கேள்விய பத்து பேர் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போச்சு, அதான் எல்லாத்தையும் இங்க ஒரே எடத்துல எழுதிட்டேன்.

சென்னையிலேர்ந்து எப்படி போறது?

கார்ல வந்தா பாண்டி, கடலூர் வழியா சுமார் 220 கிலோமீட்டர். எழும்பூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு ரயில் இருக்கு, நான் ரயில்தான் சொல்லுவேன், ராத்திரி கெளம்பி விடியக்காலைல எறங்கிடலாம், எவனும் தூக்கக் கலக்கத்துல ஸ்டியரிங் புடிக்க வேணாம். சிதம்பரத்துலேர்ந்து கிள்ளை வழியா பிச்சாவரம் 15 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸும் இருக்கு. ஆனா அன்னிக்கு முழுக்க மூணு எடம் சுத்தணும்னா ஒரு வேன் பேசிக்கறது நல்லது.

படகுல ஏறதுக்கு முன்னாடி ஊர்லயே சாப்பிட்டுடுங்க. இட்லிக்கு கத்திரிக்கா கொத்சு கேளுங்க, சாம்பார் கேட்டு சிதம்பரத்து மானத்த வாங்காதீங்க.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரிலேர்ந்து மார்ச் நடு வரைக்கும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் எங்க பக்கம் மழை, புயல் சின்னம்னு சொன்னாலே படக நிறுத்திடுவாங்க, ஆசையா வந்துட்டு டீ குடிச்சுட்டு திரும்ப வேண்டியதுதான். குளிர் காலத்துல வெளிநாட்டுப் பறவையும் வரும். ஏப்ரல், மே மாசம் வர்றதா இருந்தா காலைல மொத படகுலயே ஏறிடுங்க, பத்து மணிக்கு மேல தண்ணியிலேர்ந்தும் வெயில் அடிக்கும், மேலேர்ந்தும் அடிக்கும்.

காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் வராதீங்க. இதுக்கு மேல விளக்கம் கெடையாது.

மோட்டார் படகா, துடுப்புப் படகா?

துடுப்பு. இத பத்தி பேசினா எனக்கு கொஞ்சம் கோவம் வரும், அதனால மொதல்லயே சொல்லிடறேன். மோட்டார் படகுல போனா அகலமான வாய்க்கால்ல ஒரு ரவுண்டு, டர்ர்ர்னு சத்தம், நாலு செல்ஃபி, முடிஞ்சுது. கொக்கு எல்லாம் சத்தத்துலயே பறந்து போயிருக்கும். துடுப்புப் படகு மட்டும்தான் மரம் ரெண்டு பக்கமும் கூடாரம் மாதிரி மூடிக்கிட்டிருக்கற சின்ன ஓடைக்குள்ள போகும், அங்க போனா தலைய குனிஞ்சுக்கணும், கைய உள்ள வச்சுக்கணும், துடுப்பு தண்ணியில விழற சத்தமும் சேத்துக்குள்ள ஏதோ 'டப் டப்'னு வெடிக்கற சத்தமும் தவிர ஒண்ணும் கேக்காது. எங்க கூட வர்ற ஒருத்தன் ஆஃபீஸ்ல நாள் பூரா வாய் ஓயாம பேசறவன், அந்த ஓடைக்குள்ள பத்து நிமிஷம் வாயே தொறக்கல. எங்களுக்கே பயமாயிடுச்சு, உடம்பு சரியில்லையாடான்னு கேட்டோம்.

படகு நடத்தறது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். டிக்கெட் கவுன்டர்ல வாங்கணும், லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, போட்டுக்கங்க. பல எடத்துல தண்ணி ஆள் நிக்கற ஆழம்தான், ஆனா கீழ சேறு, கால் வச்சா முட்டி வரைக்கும் இழுக்கும், நீச்சல் தெரியும்னு சொல்றவனுக்கும் அங்க அது உதவாது.

உள்ள பாக்க என்ன இருக்கு? வெறும் மரம்தானே?

வெறும் மரம்தான். ஆனா அந்த மரம் என்னென்ன வேலை பண்ணுதுன்னு பாருங்க. வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், ரெண்டு ஆத்துக்கும் நடுவுல சுமார் 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். சுரபுன்னை மரத்துல வேர் எல்லாம் மேலேர்ந்து வளைஞ்சு எறங்கி முக்காலி போட்ட மாதிரி நிக்கும். அதோட வெதை மரத்துலயே மொளைச்சு முருங்கைக்கா மாதிரி நீளமா தொங்கும், கீழ விழுந்தா நேரா சேத்துல குத்திக்கிட்டு அங்கயே வளர ஆரம்பிச்சுடும். பக்கத்துலயே வெண்கண்டல் இருக்கும், அதோட மூச்சு வேரு சேத்துலேர்ந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல நீட்டிக்கிட்டிருக்கும். வெண்கண்டல் எலையோட பின்பக்கத்த நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும், உப்புத் தண்ணிய குடிச்சுட்டு உப்ப எலை வழியா வெளிய தள்ளிடுது.

எச்சரிக்கை: எல்லா எலையையும் நக்காதீங்க! அங்க தில்லை மரமும் இருக்கு. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான், நடராஜர் கோயிலோட தல விருட்சம், ஆனா இன்னிக்கு ஊருக்குள்ள அந்தக் காடு எங்க, பாக்கணும்னா இங்கதான் வரணும். அதோட பால் தோல்ல பட்டா கொப்பளிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதனால படகுக்கார அண்ணன கேட்டுட்டு தொடுங்க.

சுனாமி வந்தப்ப இந்தக் காடு காப்பாத்துச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?

2004 டிசம்பர் 26 அன்னிக்கு காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்களுக்கு அடி கம்மிதான். ஆனா கடலோரத்துல மறைவில்லாம மணல் திட்டுல இருந்த எம்ஜிஆர் திட்டுங்கற ஊர்ல நெறைய பேர் போயிட்டாங்க, தப்பிச்சவங்க கரைக்கு வந்து குடியேறிட்டாங்க. படகுல போறப்ப அத பத்தி தொணதொணன்னு கேக்காதீங்க. துடுப்பு போடற ஆளோட வீட்லயே யாராவது போயிருக்கலாம்.

நண்டு புடிக்கறது பிச்சாவரம் காட்டுக்குள்ளயா?

இல்ல. அது வனத்துறை பாதுகாப்புல இருக்கற காடு, டூரிஸ்ட் எறங்கி எதையும் புடிக்கக் கூடாது. நாங்க புடிக்கறது வெளிய, ஆத்தங்கரையில ஒரு குப்பத்துல, என் ஸ்கூல்மேட் ஒருத்தனோட சித்தப்பா வீட்டுப் படகுத்துறையில. உங்களுக்கு அப்படி ஆள் இல்லன்னா அந்தக் கரையில யாரையாவது நேர்ல பாத்து பேசி, அவங்க கூலி என்னவோ அத குடுத்து, அவங்க கூடவே போங்க. தனியா போய் எறங்காதீங்க. அது அவங்களுக்குச் சோறு போடற எடம், நம்ம பிக்னிக் ஸ்பாட் இல்ல.

எப்படி புடிப்பீங்க? வலை வாங்கணுமா?

வேணாம், அவங்ககிட்டயே இருக்கும். இரும்பு வளையத்துல வலைய தொட்டி மாதிரி கட்டி, நடுவுல மீன் தலைய வச்சு இறுக்கிக் கட்டி, கயித்துல எறக்கணும். கானாங்கெளுத்தி தலைன்னா ரொம்ப நல்லது, கோழிக்காலும் ஓகே. எறக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா இருக்கணும். இந்த 'சும்மா இருக்கறது'தான் நம்ம ஆளுங்களுக்கு வராது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ தூக்கித் தூக்கிப் பாப்பான், நண்டு என்ன ஸ்விக்கியா, ஆர்டர் போட்டதும் வர. தூக்கும்போது மட்டும் வேகம் வேணும், மெதுவா இழுத்தா வளையம் சாயும், நண்டு தலைய தின்னுட்டு எறங்கிப் போயிடும்.

தண்ணி ஏற ஆரம்பிச்சதும் எறக்கினா நல்லா மாட்டும். எங்க கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், இன்னிக்கு 12 மணிக்கு ஏறினா நாளைக்கு கிட்டத்தட்ட 12:50. ஃபோன்ல டைட் ஆப் இருக்கு, ஆனா சித்தப்பா அத பாத்ததே இல்ல, கரையில கட்டியிருக்கற படகு எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு பாத்துட்டு சொல்லிடுவாரு.

இதெல்லாம் நமக்கு வெளையாட்டு. நெஜமா புடிக்கறவங்கன்னா கிள்ளை பக்கத்து இருளர் ஜனங்கதான். வலையே கெடையாது, தண்ணிக்குள்ள உக்காந்தபடியே நகந்து ரெண்டு கையாலயும் சேத்த தடவித் தடவி இறாலும் நண்டும் எடுப்பாங்க, புடிச்சத போட்டுக்க ஓலைப் பறி, அத பல்லால கடிச்சுக்கிட்டு. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள, வாயில கூடை, கழுத்து வரைக்கும் தண்ணி. கரையிலேர்ந்து அஞ்சு நிமிஷம் பாத்தோம், அப்புறம் நாங்க புடிச்ச நாலு நண்டப் பத்தி பெருமையா பேசறத நிறுத்திட்டோம்.

என்ன நண்டு கெடைக்கும்?

ஆத்து முகத்துல, சேத்துல கெடைக்கறது களி நண்டு, பச்சையும் கறுப்புமா, கொடுக்கு பெருசா இருக்கும். வெல ஜாஸ்தி, உசுரோட கட்டி சிங்கப்பூர் வரைக்கும் போகுது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தொடுவாய்ல களி நண்டு குஞ்சு பொரிக்கற அரசு பண்ணையே இருக்கு. கடல்ல கெடைக்கறது வேற, நீலக்கால் நண்டு, முதுகுல மூணு புள்ளி இருக்கற முக்கண் நண்டு, சிலுவை போட்ட மாதிரி கோடு இருக்கற சிலுவை நண்டு. அதெல்லாம் பரங்கிப்பேட்டைல கரைக்கு வரும், அங்க வாங்கிக்கலாம்.

வயித்துப் பக்கம் திருப்பிப் பாருங்க. மடிப்பு குறுகலா கூரா இருந்தா ஆண், அகலமா அரைவட்டமா இருந்தா பொண்ணு. அந்த மடிப்புக்கு அடியில மஞ்சளாவோ கறுப்பாவோ முட்டை ஒட்டிக்கிட்டிருந்தா மறுபேச்சு இல்லாம தண்ணியில விட்டுடுங்க, லட்சக்கணக்குல முட்டை அது. உள்ளங்கையவிட சின்னதையும் விட்டுடுவோம். போன வருஷம் பதினொண்ணு மாட்டுச்சு, வீட்டுக்கு வந்தது அஞ்சு.

அமாவாசை நண்டுலதான் சதை இருக்கும்னு பாட்டி சொல்லும், உண்மையா?

எங்க பாட்டியும் சொல்லும், மார்க்கெட்லயும் சொல்லுவாங்க, பௌர்ணமி நண்டு பஞ்சுன்னு. நான் நிலாவ பாத்து வாங்கறதில்ல. நண்டு ஓடு உரிச்சு புது ஓடு போட்ட புதுசுல உள்ள தண்ணிதான் இருக்கும், சதை ஏற நாளாகும். அடிப்பக்கம் கால் தொடங்கற எடத்துக்கிட்ட கட்டைவெரலால அழுத்துங்க, கல்லு மாதிரி இருந்தா எடுங்க, அமுங்கினா வேணாம். ஓடு பளபளன்னு புதுசா இருந்தாலும் சந்தேகப்படுங்க, பாசி புடிச்சு அழுக்கா இருக்கற நண்டுதான் கனமா இருக்கும்.

கடிக்குமா?

கடிக்காது, கவ்வும். களி நண்டு கவ்வினா வெரல் நசுங்கும், சிரிக்கற விஷயமில்ல. எங்கள்ல ஒருத்தன் வீடியோ எடுக்கணும்னு நண்ட முன்பக்கமா தூக்கி ஆள்காட்டி வெரல குடுத்துட்டான், இழுக்க இழுக்க அது இறுக்குது, இவன் கத்தற கத்துல கரையிலிருந்த நாய் எல்லாம் எழுந்து ஓடுச்சு. சித்தப்பா வந்து 'தம்பி, கைய தண்ணியில வைய்யி'ன்னாரு. வாளித் தண்ணிக்குள்ள அப்படியே முக்கினதும் கொஞ்ச நேரத்துல அதுவா விட்டுடுச்சு. இழுத்துப் பிய்க்காதீங்க, கொடுக்கு கழண்டு உங்க வெரல்லயே தொங்கும், நண்டு போயிடும், அடுத்தடுத்த தடவ ஓடு உரிக்கறப்ப அதுக்கு கொடுக்கு மறுபடி வளந்துடும், உங்களுக்கு வெரல் வளராது.

நண்ட கயித்துல கட்டறது எப்படின்னு சொல்லுங்களேன், நீங்க போட்ட வீடியோல வேகமா போயிடுச்சு

அத நான் எத்தன தடவ பாத்தாலும் கத்துக்க முடியல, பாத்தத சொல்றேன். சித்தப்பா நண்ட தரையில போட்டு முதுகு மேல கால் பெருவெரலால லேசா அழுத்திக்கறாரு, நண்டு ரெண்டு கொடுக்கையும் தூக்கி முன்னாடி விரிக்குது. சணல் கயிறு ஒரு முழம், ஈரமா. கயித்த உடம்புக்கும் கொடுக்குக்கும் நடுவுல முன்பக்கமா நுழைச்சு, எடது கொடுக்க மடக்கி உடம்போட சேத்து ஒரு சுத்து, பின்னாடி கொண்டு வந்து அதே மாதிரி வலது கொடுக்குக்கு ஒரு சுத்து, ரெண்டு முனையையும் பின்பக்கம் இழுத்து முடிச்சு. அஞ்சாறு செகண்டுல முடிஞ்சுடும், அப்புறம் நண்டு பார்சல் மாதிரி கெடக்கும். கயிறு ஏன் ஈரமா இருக்கணும்னு கேட்டேன், காஞ்ச கயித்துல முடிச்சு நிக்காது, ஈரம் இருந்தா நண்டும் ரொம்ப நேரம் உசுரோட இருக்கும்னாரு. வீட்டுக்குக் கொண்டு வரும்போது தண்ணிக்குள்ள போட்டு மூடாதீங்க, ஈரச் சாக்கு போட்டு நெழல்ல வைங்க, அது போதும்.

செத்த களி நண்ட சமைக்காதீங்க, சீக்கிரம் கெட்டுடும். உங்க கூட்டத்துல யாருக்காவது நண்டு, இறால் அலர்ஜி இருக்கான்னும் மொதல்லயே கேட்டுடுங்க.

தடைக்காலத்துல நண்டு கெடைக்காதா?

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடை, அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகும் ஆத்துல புடிக்கறவங்களும் போவாங்க, ஆனா வரத்து கம்மியா இருக்கும், வெல ஏறிடும்.

சாமியார்பேட்டை பக்கத்துலயா இருக்கு? எதுக்கு அங்க போகணும்?

மேப்ல பாத்தா பக்கம்தான், நடுவுல வெள்ளாறு குறுக்க படுத்திருக்கு, அத தாண்டிப் போகணும், முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் வச்சுக்கங்க. போற வழியில பரங்கிப்பேட்டை, பழைய பேரு போர்ட்டோ நோவோ, 1781-ல ஹைதர் அலிக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை நடந்த எடம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையமும் அங்கதான். எறங்கிப் பாக்கணும்னு ஒருத்தன் சொல்லுவான், எறங்காதீங்க, வெளிச்சம் போயிடும்.

சாமியார்பேட்டைல மணல் நீளமா, அகலமா, பின்னாடி சவுக்குத் தோப்பு. காத்து சவுக்குல நுழையற சத்தம் கடல் சத்தத்தோட சேந்து கேக்கும். மணல் மேட்டுல அடப்பங்கொடி ஊதாப் பூவோட படந்திருக்கும், பக்கத்துல ராவணன் மீசை, பேருக்கேத்த மாதிரி குத்தும், செருப்ப கழட்டாம இருங்க. தண்ணி ஓரமா வந்ததும் கழட்டிடுங்க. அலை திரும்பிப் போற எடத்துல காலால மணல கெளறினா சின்னச் சின்ன மட்டி அவசரமா மறுபடி புதையும். குழி நண்டு மணல உருண்டை உருண்டையா உருட்டி வளைய சுத்தி கோலம் போட்டு வச்சிருக்கும், நீங்க பத்தடி தள்ளி கால் வச்சதும் காணாம போயிடும், அசையாம நின்னா மொதல்ல ரெண்டு கண்ணு மட்டும் குச்சி மாதிரி வெளிய வரும்.

குளிர் மாசத்துல இந்தக் கரைக்கு பங்குனி ஆமை முட்டை போட வரும். செத்துப்போய் ஒதுங்கின ஆமையும் சில நாள் பாக்க வேண்டி வரும், அன்னிக்கு நடை கொஞ்சம் அமைதியாயிடும். முட்டை இருக்கற எடம் தெரிஞ்சா தோண்டாதீங்க, டார்ச் அடிச்சு வேடிக்கை பாக்காதீங்க, வனத்துறைக்கு சொல்லுங்க.

கடல்ல குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். நான் முட்டிக்கு மேல எறங்க மாட்டேன். ஆத்து முகத்துவாரம் பக்கம் யாருமே எறங்கக் கூடாது, மேல பாத்தா சாதுவா இருக்கும், கீழ இழுவை.

குழந்தைங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போலாமா?

படகுக்கும் நடைக்கும் தாராளமா. எங்கம்மா 68 வயசுல துடுப்புப் படகுல வந்தாங்க, ஏறும்போது எறங்கும்போது மட்டும் கை குடுத்தோம். நண்டு பக்கம் சின்னப் பசங்கள விடாதீங்க, கட்டின நண்டுன்னாலும்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

தண்ணி, தொப்பி, மாத்து உடுப்பு, சேத்துல போட பழைய செருப்பு. ஃபோன கழுத்துல மாட்டற உறையில போடுங்க, எங்கள்ல ஒருத்தனோட ஃபோன் இன்னும் அந்த வாய்க்கால்லதான் இருக்கு, ரெண்டு நாள் ரிங் போச்சுன்னு அவன் சொல்றான், நாங்க யாரும் நம்பல. பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டுப் போனா திரும்ப எடுத்துட்டு வாங்க.

நண்ட எங்க சமைப்பீங்க?

எங்க வீட்ல. அஞ்சு நண்ட அத்தன பேருக்கு வறுவல் போட்டா சண்டை வரும்னு அம்மா ரசம் வச்சுடுவாங்க. கொடுக்கையும் காலையும் அம்மியில ஓட்டோட நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சூண்டு புளி, மண்சட்டியில கொதிக்க விட்டு கறிவேப்பிலை. உடம்புச் சதைய மட்டும் மிளகு போட்டுப் பெரட்டி ஆளுக்கு ஒரு துண்டு. ராத்திரி பத்தரைக்கு ரயிலுக்கு கெளம்பணும், எட்டரைக்கு எலை போட்டா பத்து வரைக்கும் எவனும் எழுந்திருக்கறதில்ல, கொடுக்குக்குள்ள மிச்சம் இருக்கற சதைய தொடப்பக்குச்சியால நோண்டிக்கிட்டே உக்காந்திருப்பானுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் ரயில விட்டோம், மறுநாள் காலைல மறுபடி கொத்சு.